மார்த்தினிக்கில் உருகிய ஐஸ்

போன சித்திரையில் எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் மக்கர் செய்தது. காலையில் வைத்த பால் மறுநாள் காலையில் திரிந்துபோனது. பால் போனால் போகட்டும், கதவுத் தட்டில் வீட்டுக்காரம்மாவின் இன்சுலின் இருந்தது. 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும் என்று டப்பாவிலேயே அச்சடித்திருக்கிறார்கள். பேரன் பள்ளிக்கூடத்துக்கு வாங்கிய தெர்மாமீட்டரை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு இரவு முழுக்க உள்ளே வைத்துப் பார்த்தேன். 13 காட்டியது.

மெக்கானிக் தம்பி வந்தார். பின்பக்கம் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "கேஸ் போயிருச்சுங்கய்யா, 3,500 ஆகும்" என்றார். எனக்கு மனசு ஒப்பவில்லை. மேலே ஃப்ரீசரில் சுவர் மாதிரி பனி கட்டியிருக்கிறது. கேஸ் போயிருந்தால் அந்தப் பனி எங்கிருந்து வந்தது? "நாளைக்கு வாங்க தம்பி" என்று அனுப்பிவிட்டு, இன்சுலினை மண்பானைக்கு மாற்றினேன். பெரிய பானைக்குள் ஈரமணல், அதற்குள் சிறிய பானை, மேலே நனைத்த துணி. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்து ஆலங்குடிப் பக்கம் நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தோமே, அப்போது கைகொடுத்த ஏற்பாடு இது.

அன்று இரவு தூக்கம் வராமல் கிடந்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது மார்த்தினிக் தீவு. நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். ஆலங்குடியை அறியும் முன்பே கரீபியன் கடலில் இருக்கும் அந்தப் பிரெஞ்சுத் தீவை வரைபடத்தில் தொட்டுக் காட்டத் தெரியும். ஐஸ் வியாபாரத்தின் முதல் பாடம் அங்கேதான் நடந்தது.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து ஃப்ரெடரிக் டியூடர், 22 வயது இளைஞர். குளிர்காலத்தில் குளங்களில் உறையும் ஐஸை வெட்டிக் கப்பலில் ஏற்றி வெயில் நாட்டில் விற்கலாம் என்று கிளம்பினார். ஊரே சிரித்தது. 1806 பிப்ரவரியில் கப்பல் புறப்பட்டு, சுமார் மூன்று வாரத்தில் மார்த்தினிக் போய்ச் சேர்ந்தது. ஐஸும் சேர்ந்தது. ஆனால் இறக்கி வைக்க அங்கே ஐஸ் கிடங்கு இல்லை. கப்பலில் இருந்தபடியே விற்றார். வாங்கிப் போனவர்களுக்கும் வைத்துக்கொள்ளத் தெரியவில்லை, வீட்டில் உருகி ஓடியது. பல ஆயிரம் டாலர் நஷ்டம், பிற்பாடு கடனுக்காகச் சிறையும் கண்டார். ஆனாலும் மனிதர் விடவில்லை. ஐஸ் கிடைப்பது பெரிய காரியமில்லை, வெப்பத்தை அதனிடம் அண்டவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் தொழில் என்று புரிந்துகொண்டார். மரத்தூளைப் போட்டு மூடினார், கட்டிகளை இடைவெளியில்லாமல் அடுக்கினார், உருகும் தண்ணீர் தேங்காமல் வடியவிட்டார்.

பலன் 1833-ல் தெரிந்தது. 'டஸ்கனி' என்ற கப்பல் 180 டன் ஐஸோடு பாஸ்டனை விட்டுக் கிளம்பி, நான்கு மாதம் கடலில் கிடந்து, பூமத்திய ரேகையை இரண்டு முறை தாண்டிக் கல்கத்தா வந்தது. ஏறக்குறைய 100 டன் கட்டியாகவே இருந்தது. மூன்று வாரத்தில் தோற்றவர் நான்கு மாதத்தில் ஜெயித்தார்.

1842-ல் சென்னைக் கடற்கரையிலும் கிடங்கு கட்டினார்கள். திருவல்லிக்கேணி பஸ்ஸில் "ஐஸ் அவுஸ், ஐஸ் அவுஸ்" என்று கண்டக்டர் கூவுவாரே, அந்த வட்டமான கட்டடம்தான். பிரெஞ்சில் இதைக் 'கிளாசியேர்' என்போம். 1870-களில் நீராவி இயந்திரத்தால் சென்னையிலேயே ஐஸ் செய்ய ஆரம்பித்ததும் கப்பல் ஐஸுக்கு வேலையில்லாமல் போனது. வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார் கட்டடத்தை வாங்கிக் குடியிருக்கத் தக்கதாக்கி, 'கெர்னன் கோட்டை' என்று பெயர் வைத்தார். 1897-ல் விவேகானந்தர் அங்கே தங்கினார். பிறகு சகோதரி சுப்புலட்சுமி இளம் விதவைப் பெண்களை அங்கே வைத்துப் படிக்க வைத்தார். இன்று அது விவேகானந்தர் இல்லம்.

ஐஸ் செய்யும் இயந்திரத்தில் எங்கள் பிரெஞ்சுக்காரர்களுக்குப் பெரிய பங்குண்டு. (பள்ளிக்கூடப் பாசம், பொறுத்துக்கொள்ளுங்கள்.) ஃபெர்தினான் கார்ரே 1859-ல் அம்மோனியாவை வைத்துக் குளிரூட்டும் கருவிக்குக் காப்புரிமை வாங்கினார். ஷார்ல் தெலியே 1876-ல் ஒரு கப்பலுக்குள்ளேயே குளிர்ப்பெட்டி அமைத்து, பிரான்சிலிருந்து அர்ஜென்டினாவுக்கு மூன்று மாதத்துக்கும் மேலான பயணத்தில் இறைச்சி அனுப்பிக் காட்டினார். உலகமே அதைப் பயன்படுத்திக்கொண்டது, அவரோ 1913-ல் வறுமையில் செத்துப்போனார். நம் நாட்டில் 1958-ல்தான் கோத்ரெஜ் ஃப்ரிட்ஜ் செய்ய ஆரம்பித்தது.

எந்தக் கம்பெனிப் பெட்டியானாலும் அது குளிரை உற்பத்தி செய்வதில்லை. உள்ளே இருக்கும் வெப்பத்தை அள்ளிக்கொண்டுபோய்ப் பின்பக்கக் கம்பிச் சுருளில் கொட்டுகிறது, அவ்வளவுதான். அந்த கேஸ் வண்டிப் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்வதும் இல்லை. மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். நிஜமாகவே குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. அதை அடைக்காமல் கேஸ் மட்டும் ஏற்றினால் அதுவும் போய்விடும்.

எழுந்து விளக்கை அணைத்துவிட்டு, எரிகிற டார்ச்சை ஃப்ரிட்ஜுக்குள் வைத்துக் கதவைச் சாத்தினேன். கீழ்மூலையில் ஒரு விரல் நீளத்துக்கு வெளிச்சம் கசிந்தது. கதவு ரப்பர் காய்ந்து விறைத்திருந்தது. அந்தச் சந்து வழியாக ஈரக்காற்று நுழைந்து ஃப்ரீசரில் பனியாகக் கட்டியிருக்கிறது. கனமாகக் கட்டிய பனி டியூடரின் மரத்தூள் மாதிரி. ஆனால் இங்கே தப்பான இடத்தில் உட்கார்ந்து, கீழ்த்தட்டு வெப்பம் குளிர்க்குழாயை எட்டாமல் தடுத்துக்கொண்டிருந்தது. போதாக்குறைக்குப் பொங்கலுக்கு வெள்ளையடித்தவர்கள் பெட்டியைச் சுவரோடு ஒட்டித் தள்ளியிருந்தார்கள். பின்கம்பிகளில் ஒரு வருஷத் தூசி. கொட்டிய வெப்பம் போக வழியில்லை.

"நடுராத்திரில என்னங்க பண்றீங்க?" என்று குரல் வந்தது. பிளக்கைப் பிடுங்கினேன். பனி தானாக உருகட்டும் என்று கதவைத் திறந்து வைத்தேன். கத்தியால் குத்தக்கூடாது, குழாய் ஓட்டையானால் அப்புறம் உண்மையிலேயே கேஸ் போய்விடும். விடிந்ததும் தூசியைத் துடைத்து, பெட்டியைச் சுவரிலிருந்து அரை அடி முன்னால் இழுத்தோம். மெக்கானிக் தம்பி வந்து, சிரித்துக்கொண்டே புது ரப்பர் மாட்டிக் கொடுத்தார். செலவு 3,500-ல் கால்வாசிகூட ஆகவில்லை.

மறுநாள் தெர்மாமீட்டர் 5 காட்டியது. இன்சுலினை இப்போது கதவுத் தட்டில் வைப்பதில்லை, திறக்கும்போதெல்லாம் வெக்கை படுகிறது. நடுத்தட்டில், ஃப்ரீசரை ஒட்டாமல் வைக்கிறோம். உறைந்துபோன இன்சுலினும் உதவாது.