மதுரைக்காரர்கள் நடத்திய ஒரு பரிசோதனை: 15,419 குழந்தைகளும் ஒரு வகுத்தல் கணக்கும்

பரிசோதனை என்றதும் நம்மில் பலருக்கு நினைவு வருவது சோதனைக்குழாய், லிட்மஸ் தாள், பன்சன் விளக்கு. ஆய்வகம் இல்லாமல் பரிசோதனையா என்று கேட்போம். ஆனால் உலக மருத்துவர்கள் இன்றும் எடுத்துப் பேசும் ஒரு பரிசோதனையை நம்ம மதுரை ஆஸ்பத்திரிக்காரர்கள் கிராமத்துத் தெருக்களில் நடத்தினார்கள். அதைப் புரிந்துகொள்ள ஏழாம் வகுப்பு கணக்கு தெரிந்தால் போதும். ஒரு பரிசோதனைக்கு என்னவெல்லாம் வேண்டும் என்பதை அந்த வரலாற்றின் வழியாகவே பார்ப்போம்.

முதலில் ஒரு கேள்வி வேண்டும்

விட்டமின் ஏ குறைந்தால் மாலைக்கண் வரும். அது முற்றினால் கருவிழியே கெட்டுப் பார்வை போய்விடும். 1970களின் தொடக்கத்தில் டாக்டர் கோ. வெங்கடசாமி மதுரை எர்ஸ்கின் ஆஸ்பத்திரியில் (இன்றைய அரசு ராஜாஜி மருத்துவமனை) கண் மருத்துவராக இருந்தபோதே இப்படிப்பட்ட குழந்தைகளுக்காக ஊட்டச்சத்து மையம் ஒன்று நடந்தது. அவர் ஓய்வு பெற்றபின் 1976ல் 11 படுக்கைகளோடு தொடங்கியதுதான் அரவிந்த் கண் மருத்துவமனை.

கண்ணுக்கு விட்டமின் ஏ வேண்டும் என்பதில் அப்போதே சந்தேகம் இல்லை. குழந்தைகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை பெரிய அளவில் அதைக் கொடுக்கும் திட்டத்தை இந்திய அரசு 1970லேயே தொடங்கிவிட்டது. புதிய கேள்வி வேறு. அந்த விட்டமின் கண்ணை மட்டும்தான் காக்கிறதா, உயிரையும் காக்கிறதா?

பார்த்தது வேறு, சோதித்தது வேறு

இந்தோனேசியாவில் வேலை செய்த ஆல்ஃப்ரெட் சோமர் என்ற அமெரிக்க மருத்துவர் 1983ல் ஒரு செய்தி வெளியிட்டார். லேசான மாலைக்கண் இருந்த குழந்தைகள், கண் நன்றாக இருந்த குழந்தைகளைவிடச் சராசரியாக நான்கு மடங்கு அதிகமாக இறந்தார்கள் என்பது அது.

உடனே "விட்டமின் குறைவுதான் காரணம்" என்று சொல்லிவிடலாமா? கூடாது. மாலைக்கண் வரும் வீட்டில் வறுமையும் இருக்கும், நல்ல தண்ணீர் இருக்காது, தடுப்பூசியும் போட்டிருக்க மாட்டார்கள். இதில் எது கொன்றது? வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தால் பிரித்துச் சொல்ல முடியாது. ஒன்றை மட்டும் நாமே மாற்றிப் பார்க்க வேண்டும். பரிசோதனை என்பது அதுதான்.

சோமர் குழு அதையும் செய்தது. சுமத்ராவின் ஆச்சே பகுதியில் சுமார் 450 கிராமங்களை இரண்டாகப் பிரித்து ஒரு பாதிக்கு மட்டும் விட்டமின் கொடுத்தார்கள். 1986ல் வந்த முடிவு: சாவு 34 சதவீதம் குறைவு. ஆனால் பலர் நம்பவில்லை. மற்ற பாதிக் கிராமங்களுக்கு எதுவுமே கொடுக்கவில்லை. யார் மருந்து பெற்றவர் என்பது எல்லோருக்கும் தெரியும். கவனிப்பு கூடியதாலேயே குழந்தைகள் பிழைத்திருக்கலாமே என்றார்கள். நியாயமான கேள்விதான்.

திருச்சி மாவட்டத்துக் கிராமங்கள்

இந்தக் கேள்விக்குத்தான் மதுரைக் குழு பதில் தேடியது. அரவிந்த் குழந்தைகள் மருத்துவமனையைச் சேர்ந்த லட்சுமி ரஹ்மத்துல்லா, ஆர்.டி. துளசிராஜ், அமெரிக்காவின் பார்பரா அண்டர்வுட் ஆகியோர் அடங்கிய குழு திருச்சி மாவட்டத்துக் கிராமங்களில் 15,419 சிறு குழந்தைகளைச் சேர்த்தது. அவர்கள் செய்ததை வரிசையாகப் பாருங்கள்.

ஒன்று, இரண்டு குழுக்கள். ஒரு குழுவுக்கு வாரம் ஒருமுறை 8,333 அலகு விட்டமின் ஏ, கூடவே 20 மில்லிகிராம் விட்டமின் ஈ. இன்னொரு குழுவுக்கு விட்டமின் ஈ மட்டும். இந்த இரண்டாவதுதான் கட்டுப்பாட்டுக் குழு. இரண்டு குழுக்களுக்கும் மருந்து வந்தது, ஆள் வந்தார், கவனிப்பு கிடைத்தது. வித்தியாசம் விட்டமின் ஏ ஒன்றே ஒன்றுதான்.

இரண்டு, சமவாய்ப்பு. எந்தக் குழந்தைக்கு எது என்பதை யாரும் மனம்போலத் தேர்ந்தெடுக்கவில்லை. குலுக்கல் போலப் பகுதி பகுதியாகப் பிரித்தார்கள். அதனால் ஏழை, வசதியானவர், நோஞ்சான், திடமானவர் எல்லோரும் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாக விழுந்தார்கள். அப்படி விழுந்திருக்கிறார்களா என்று தொடக்கத்திலேயே சரிபார்த்தும் கொண்டார்கள்.

மூன்று, மறைத்தல். எந்த மருந்தில் விட்டமின் ஏ இருக்கிறது என்பது கொடுப்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. தெரிந்தால் நம்மை அறியாமலே ஒரு பக்கம் சாய்ந்துவிடுவோம்.

நான்கு, விடாமல் பதிவு செய்தல். ஊர்த் தன்னார்வலர்கள் ஒரு வருடம் வாராவாரம் வீடு தேடிப்போய் மருந்து கொடுத்தார்கள். நோயையும் இறப்பையும் குறித்தார்கள். இரண்டு குழுக்களிலும் வாரந்தோறும் குறைந்தது 88 சதவீதம் குழந்தைகளைச் சந்தித்தார்கள். தரவு என்று நாம் சொல்வது இந்த நடையையும் குறிப்பையும்தான்.

இப்போது கணக்கு

அந்த ஒரு வருடத்தில் 125 குழந்தைகள் இறந்தன. விபத்துகளை விட்டமின் தடுக்காது என்பதால் அவற்றைத் தனியே வைத்தார்கள். மீதி 117. விட்டமின் ஏ பெற்ற 7,764 பேரில் 37 இறப்பு. பெறாத 7,655 பேரில் 80 இறப்பு.

வகுத்துப் பாருங்கள். முதல் குழுவில் ஆயிரத்துக்கு 4.8. இரண்டாவதில் ஆயிரத்துக்கு 10.5. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 0.46. அதாவது சாவு 54 சதவீதம் குறைவு. வளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்குப் பலன் இன்னும் அதிகமாக இருந்தது.

"தற்செயலாக இருக்கலாமே?" என்று கேட்கலாம். ஒரு நாணயத்தை 117 முறை சுண்டுங்கள். 80 அல்லது அதற்கு மேல் தலை விழுவது பத்தாயிரம் முறை முயன்றாலும் ஒருமுறை நடப்பது அரிது. உண்மையில் ஒரே ஊர்க் குழந்தைகள் ஒரே தண்ணீரைக் குடிப்பவர்கள், ஒரே தொற்று அவர்களைச் சேர்த்துத் தாக்கும். ஆகவே நிபுணர்கள் இன்னும் எச்சரிக்கையாகக் கணக்கிட்டு, அந்த 0.46 என்பது 0.30 முதல் 0.71 வரை எங்கும் இருக்கலாம் என்றார்கள். மேல் எல்லையை எடுத்துக்கொண்டாலும் 1க்குக் கீழேதான்.

இத்தனை ஆயிரம் குழந்தைகள் எதற்கு? 1747ல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் ஸ்கர்வி வந்த 12 மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து எலுமிச்சை, ஆரஞ்சின் பலனைக் கண்டார். அங்கே நோய் எல்லோருக்கும் இருந்தது, குணமும் சீக்கிரம் தெரிந்தது. இங்கே ஆயிரத்துக்குப் பத்து என்ற கணக்கு. குழுவுக்கு நூறு குழந்தை மட்டும் எடுத்திருந்தால் ஒரு பக்கம் ஒரு சாவு, மறுபக்கம் ஒன்றோ பூஜ்யமோ. அதை வைத்து எதுவும் சொல்லியிருக்க முடியாது.

கதை அங்கே முடியவில்லை

முடிவு 1990ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வந்தது. அதே 1990ல் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் ஆய்வும் வந்தது. அங்கே ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரண்டு லட்சம் அலகு கொடுத்தார்கள். சாவில் வித்தியாசம் இல்லை!

யார் சொல்வது சரி? அறிவியலில் இதற்குப் பஞ்சாயத்து வைப்பதில்லை, எல்லா ஆய்வுகளையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். 1993ல் பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டபோது சராசரிக் குறைவு 23 சதவீதம். பிறகு உத்தரப் பிரதேசத்தில் சுமார் பத்து லட்சம் குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2013ல் வெளியானது; அதில் 4 சதவீதம்தான், அதுவும் தற்செயலாக இருக்கக்கூடிய அளவு. பச்சிளங்குழந்தைகள் விஷயத்திலும் இப்படித்தான். மதுரைக் குழு 11,619 குழந்தைகளிடம் செய்து 2003ல் வெளியிட்ட ஆய்வில் 22 சதவீதம் குறைவு தெரிந்தது. பின்னர் கானா, தான்சானியாவில் நடந்த ஆய்வுகளில் அந்தப் பலன் தெரியவில்லை.

அப்படியானால் மதுரைக் கணக்கு தப்பா? இல்லை. அந்தக் காலத்தில், குறைபாடு மிகுந்த அந்த ஊர்களில், வாரம் ஒரு சிறு அளவு கொடுத்தபோது கிடைத்த விடை அது. இடமும் அளவும் காலமும் மாறினால் விடையும் மாறலாம். "எங்கே, யாரிடம், எவ்வளவு" என்பதை விட்டுவிட்டு 54 என்ற எண்ணை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடுவதுதான் தப்பு. இன்னொன்று, அந்த வார அளவு உணவிலிருந்தே கிடைக்கக்கூடியது என்று ஆய்வாளர்களே எழுதினார்கள். நம்ம ஊர்க் கணக்கில் முருங்கைக்கீரை, பப்பாளி, கேரட்.

நாம் செய்து பார்க்க

இரண்டு தட்டில் ஐம்பது ஐம்பது வெந்தயம். விதைகளை நன்றாகக் கலந்து கண்ணை மூடிக்கொண்டு பிரியுங்கள். ஒன்றுக்குக் குடிநீர், மற்றதற்கு உப்புக் கலந்த நீர். அளவு, வெளிச்சம், இடம் எல்லாம் ஒன்றாக இருக்கட்டும். முளைத்ததை எண்ணுபவருக்கு எந்தத் தட்டு எது என்று சொல்லாதீர்கள். மூன்று நாள் எண்ணி எழுதுங்கள். மதுரைக் குழு செய்த நான்கும் இதில் இருக்கிறது.

ஒரு விஷயம் மட்டும். பிராக்டிகல் நோட்டில் வரவேண்டிய விடையை முதலில் எழுதி, ரீடிங்கைப் பிறகு நிரப்பும் பழக்கம் எல்லாப் பள்ளியிலும் உண்டு. மார்க் கிடைத்துவிடும். ஆனால் திருச்சிக் கிராமத்தில் ஒரு தன்னார்வலர் போகாத வீட்டுக்குப் போனதாக டிக் அடித்திருந்தால்? பலர் அப்படிச் செய்திருந்தால் 80க்கும் 37க்கும் உள்ள இடைவெளி மங்கிப்போயிருக்கும், உயிர் காக்கும் ஒரு செய்தி வெளியே வராமலே போயிருக்கும். அந்த 117ல் ஒவ்வொன்றும் ஒரு வீட்டுக் குழந்தை. அதைச் சரியாக எண்ணி எழுதியவர்களின் பெயர் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. அவர்களும் விஞ்ஞானிகள்தான்.