கையிருப்பும் புழக்கமும்

மண்ணில் எவ்வளவு கரிமம் இருக்கிறது என்று கண்டுபிடிப்பது எளிது. அது எப்படிப்பட்ட கரிமம் என்று கேட்கத்தான் விஞ்ஞானத்துக்கு ரொம்ப நாள் பிடித்தது.

இங்கிலாந்தின் ரோதாம்ஸ்டெட் ஆய்வுப் பண்ணையில் ஹூஸ்ஃபீல்டு என்றொரு வயல். 1852 முதல் அங்கே பார்லி பயிரிடுகிறார்கள். அதில் ஒரு துண்டு நிலத்துக்கு முதல் இருபது வருடம் மட்டும், ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 35 டன் தொழுவுரம் போட்டார்கள். 1871உடன் நிறுத்திவிட்டார்கள். நூறு வருடம் கழித்துப் பார்த்தபோதும், உரமே காணாத நிலத்தைவிட அதில் கரிமம் அதிகம். பெரும்பகுதி மறைந்துவிட்டது, ஒரு பகுதி மட்டும் அசையாமல் கிடக்கிறது. அப்படியானால் மண்ணில் இருப்பது ஒரே கரிமமா?

1934இல் வாக்லியும் பிளாக்கும் ஒரு சோதனை முறையைக் கொடுத்தார்கள். டைகுரோமேட்டும் கந்தக அமிலமும் சேர்த்தால் மண்ணின் கரிமம் ஆக்சிஜனேற்றம் அடையும். முழுதாக அல்ல, ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு. மீதியை ஒரு பெருக்கெண் போட்டுச் சரிக்கட்டினார்கள். உலகமெங்கும் ஆய்வுக்கூடங்கள் இதைப் பிடித்துக்கொண்டன. ஆனால் கையில் கிடைத்தது ஒரே ஒரு எண்.

அந்த எண்ணைப் பிரித்துப் பார்த்தவர்கள் ஜென்கின்சனும் ரேனரும். அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் கலந்த கதிரியக்கக் கரிமம் செடி வழியாக மண்ணுக்குள் வந்திருந்தது. ரோதாம்ஸ்டெட்டில் சேமித்து வைத்த பழைய மண்ணோடு ஒப்பிட அது உதவியது. 1977இல் அவர்கள் வெளியிட்ட கணக்குப்படி, மண்ணில் ஒரு வகைக் கரிமம் பாதியாகக் குறைய இரண்டு மாதம் போதும். இன்னொரு வகைக்குச் சுமார் 2000 வருடம் வேண்டும்.

2003இல் அமெரிக்காவில் வைலும் குழுவினரும் வயலிலேயே செய்யக்கூடிய சோதனையைத் தந்தார்கள். நீர்த்த பெர்மாங்கனேட்டுக் கரைசலில் மண்ணைக் குலுக்க வேண்டும். ஊதா நிறம் எவ்வளவு வெளுக்கிறதோ, அவ்வளவு துடிப்பான கரிமம். நுண்ணுயிர் தின்பதும் பெர்மாங்கனேட்டு தின்பதும் ஒன்றுதானா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. அதனால் மண் வெளிவிடும் கரியமில வாயுவையும் சேர்த்தே அளக்கிறார்கள்.

கார்பன் கிரெடிட் வாங்குபவருக்கு அசையாத கரிமம் வேண்டும். விவசாயிக்கோ அழுகிக் கரைந்து பயிருக்குச் சத்தாகிற கரிமம் வேண்டும். ஒன்று கையிருப்பு, மற்றது புழக்கம். ஒற்றை எண்ணைக் காட்டி இரண்டு பேருக்கும் பதில் சொல்ல முடியாது. யாராவது இத்தனை டன் கரிமம் சேர்த்தோம் என்று மார்தட்டினால், எந்தக் கரிமம் என்று கேட்க வேண்டியிருக்கிறது.