வசந்தத்தில் போட்ட கணக்கு

ஏப்ரல் மாதம் நம் நிலையத்தில் பேசியதை எழுத்தில் தாருங்கள் என்று சில நேயர்கள் கேட்டார்கள். "வருமான வரிக்காரருக்கு ஃபுட்பாலில் என்ன வேலை?" என்று கேட்ட நண்பர் ஒருவரும் இருக்கிறார். இரு தரப்புக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன்.

நான் பி.காம். படித்தவன். 1998 கோடையில் நெப்ராஸ்கா மாநிலத்தின் லிங்கன் நகருக்கு வந்து சேர்ந்தேன். ஜனவரி தொடங்கி ஏப்ரல் 15 வரை எனக்குத் தலை நிமிர நேரம் இருக்காது. வரிக் கெடு முடிந்த கையோடு இந்த ஊரில் இன்னொரு கணக்கு ஆரம்பமாகிவிடும். பல்கலைக்கழக ஃபுட்பால் அணி வசந்தகாலப் பயிற்சியை முடித்து, தன்னையே சிவப்பு, வெள்ளை என்று இரண்டாகப் பிரித்துக்கொண்டு ஓர் ஆட்டம் ஆடும். அதைப் பார்த்துவிட்டு வந்து, இலையுதிர் காலத்தில் நாம் எத்தனை ஆட்டம் ஜெயிப்போம் என்று ஊரே கணக்குப் போடும். முடிதிருத்தும் கடையில், தேவாலய வாசலில், பெட்ரோல் பங்கில், உள்ளூர் வானொலியில் எங்கும் அதே பேச்சுதான்.

என்னிடம் கணக்குக் கொடுக்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். லிங்கனுக்கு மேற்கே மக்காச்சோளமும் சோயாவும் பயிரிடுபவர். விவசாயிகளில் பெரும்பாலோர் மார்ச் 1-க்குள் வரிப் படிவத்தை முடித்துவிடுவார்கள். ஆனால் இவர் நகல்களை வாங்க ஏப்ரல் கடைசியில்தான் வருவார், வசந்த ஆட்டத்தைப் பார்த்த பிறகு, விதைப்புக்கு முன்னால். வந்ததும் என் மேஜையில் இருக்கும் அவருடைய கோப்பின் அட்டையில் பென்சிலால் ஓர் எண்ணை எழுதுவார். அந்த ஆண்டுக்கான வெற்றிகளின் மதிப்பீடு அது. பருவம் முடிந்ததும் அதன் கீழே உண்மை எண்ணை நான் பேனாவால் எழுதி வைப்பேன். அந்த அட்டையைப் பற்றிப் பேச அவரிடம் அனுமதி வாங்கிவிட்டேன்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்ப்போம்.

அமெரிக்கக் கல்லூரிகளுக்கு இடையிலான முதல் ஃபுட்பால் ஆட்டம் 1869 நவம்பர் 6 அன்று நியூ ஜெர்சி மாநிலத்தில் நடந்தது. ரட்கர்ஸ் 6, பிரின்ஸ்டன் 4. அது ஏறக்குறைய நம் ஊர்க் கால்பந்து போன்றதுதான். பந்தைக் கையில் ஏந்தி ஓடும் இன்றைய ஆட்டத்தின் விதிகளை 1880-களில் வால்டர் கேம்ப் என்பவர் ஒழுங்குபடுத்தினார். வசந்தகாலப் பயிற்சியை முதலில் நடத்தியது ஹார்வர்டு அணி. 1889-இல் அதன் தலைவர் ஆர்தர் கம்னாக் தொடங்கி வைத்தார் என்பார்கள். காரணம் எளிமையானது. செப்டம்பரில் கூடி அக்டோபரில் ஆடினால், புதியவர்களுக்குக் கற்றுக்கொடுக்க நேரம் போதாது. ஆக, இது வாத்தியார் மாணவனுக்கு அடிப்படை சொல்லித்தரும் காலம். வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்கு அதில் பங்கு இருக்கவில்லை.

அந்தப் பாடம் பலித்ததற்கு 1940 நல்ல உதாரணம். முந்தைய ஆண்டு ஸ்டான்ஃபோர்டு அணி ஒரே ஓர் ஆட்டத்தில்தான் வென்றிருந்தது. புதிதாக வந்த பயிற்சியாளர் கிளார்க் ஷாக்னெஸி 'டி' வடிவ அணிவகுப்பைப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். அந்த ஆண்டு அணி எல்லா ஆட்டங்களிலும் வென்று, 1941 புத்தாண்டு தினத்தில் ரோஸ் பவுலில் இறங்கியது. அங்கே 21-13 என்று தோற்றது யார் தெரியுமா? நெப்ராஸ்காதான்! எங்கள் அணி ஆடிய முதல் பவுல் ஆட்டம் அது.

எல்லாரும் இதை ஏற்கவில்லை. ஹார்வர்டு, யேல் முதலிய ஐவி பல்கலைக்கழகங்களின் தலைவர்கள் 1952-இல் வசந்தகாலப் பயிற்சியையே தடை செய்தார்கள். படிக்க வந்தவன் ஆண்டு முழுவதும் பந்தோடு திரியக்கூடாது என்பது அவர்கள் வாதம். பயிற்சியைத் தொடங்கி வைத்த ஹார்வர்டே அதைக் கைவிட்டது வரலாற்றின் வேடிக்கை. வெகு காலம் கழித்து அங்கும் ஓரளவு திரும்பி வந்தது. மற்ற இடங்களில் அது வளர்ந்துகொண்டே போனது. 1950 முதல் அசோசியேட்டட் பிரஸ் நிறுவனம் பருவம் தொடங்கும் முன்பே தரவரிசை வெளியிட ஆரம்பித்தது. ஆடாத ஆட்டத்துக்கு மதிப்பெண் போடும் பழக்கம் அப்படி நிலைத்துவிட்டது.

இனி லிங்கனுக்கு வருவோம். நெப்ராஸ்காவின் மக்கள்தொகை சுமார் 20 லட்சம். இங்கே தொழில்முறை ஃபுட்பால் அணி கிடையாது. ஆட்ட நாளில் மைதானத்தில் கூடும் கூட்டம், ஒமாஹா, லிங்கன் இரண்டையும் விட்டால் மாநிலத்தின் மூன்றாவது பெரிய ஊர். 1962 நவம்பர் முதல் ஒரு பருவ ஆட்டத்துக்குக்கூட டிக்கெட் மிஞ்சியதில்லை. அதே 1962-இல் வந்த பாப் டெவேனி 1970, 1971 ஆண்டுகளில் தேசியப் பட்டம் வென்றார். அவருக்குப் பின் 25 ஆண்டுகள் டாம் ஆஸ்போர்ன். எந்த ஆண்டும் 9 வெற்றிக்குக் கீழே அவர் இறங்கியதில்லை. 1994, 1995, 1997 என்று மூன்று பட்டங்கள். நான் வந்து இறங்கியது அறுவடை முடிந்த மறுநாள் என்று சொல்லலாம். எனக்குப் பட்டத்தைப் பற்றிய பேச்சுதான் கிடைத்தது.

2003-இல் 9 ஆட்டங்களில் வென்ற பயிற்சியாளரை, இது போதாது என்று நீக்கினார்கள். அடுத்த ஆண்டே 5 வெற்றி, 6 தோல்வி. 1961-க்குப் பிறகு முதல் நஷ்ட ஆண்டு. அதன்பின் பயிற்சியாளர்கள் மாறி மாறி வந்தார்கள்.

2017 கடைசியில் ஸ்காட் ஃப்ராஸ்ட் திரும்பி வந்தார். இதே மாநிலத்தின் வுட் ரிவர் ஊர்ப் பிள்ளை. 1997 பட்ட அணியின் குவார்ட்டர்பேக். அந்த ஆண்டு ஃப்ளோரிடாவில் அவர் நடத்திய அணி ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்கவில்லை. நம்பிக்கைக்கு வேறென்ன வேண்டும்? 2018 ஏப்ரலில் நடந்த வசந்த ஆட்டத்துக்கு 86,818 பேர் வந்தார்கள். எங்கள் வசந்த ஆட்ட வரலாற்றிலேயே அதுதான் அதிகம். நானும் அதில் ஒருவன். எங்கு திரும்பினாலும் சிவப்புச் சட்டை. எங்கள் பையன்கள் பந்தோடு பாய்ந்து ஓட, பக்கத்தில் இருந்தவர்கள் முன்பின் தெரியாத என்னைக் கட்டிப்பிடித்தார்கள். பெரியவர் அட்டையில் 8 என்று எழுதினார். மிகவும் அடக்கமான மதிப்பீடு என்று நானும் நினைத்தேன்.

பருவம் தொடங்கியது. முதல் 6 ஆட்டங்களிலும் தோல்வி. பல்கலைக்கழக வரலாற்றில் அப்படி நடந்ததே இல்லை. மிச்சிகனிடம் 56-10. கடைசியில் 4 வெற்றி, 8 தோல்வி.

அன்று மைதானத்தில் எங்கள் கண்ணுக்குத் தப்பியது எது? கணக்குப் படித்த எனக்காவது தெரிந்திருக்க வேண்டும். வணிகவியல் முதலாண்டில் சொல்லித்தரும் பாடம்தான். இரட்டைப் பதிவு முறையில் ஒவ்வொரு வரவுக்கும் ஒரு பற்று உண்டு. அணி தன்னோடு தானே ஆடும்போது, நம் ஆள் 50 கெஜம் ஓடினான் என்றால், நம் ஆள்தான் 50 கெஜம் விட்டுக்கொடுத்தான். தாக்கும் வரிசை பிரமாதம் என்று கைதட்டும்போது, தடுக்கும் வரிசை ஓட்டை என்பதற்கும் சேர்த்தே தட்டுகிறோம். அன்று 86,818 பேரும் வரவுப் பக்கத்தை மட்டும் படித்தோம். எங்கள் வாத்தியார் இன்னொன்றும் சொல்வார்: டிரையல் பேலன்ஸ் இரு பக்கமும் சமமாக வந்தால் கணக்கு சரி என்று அர்த்தமில்லை. வசந்த ஆட்டம் எப்போதும் சமமாகவே வரும். அதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது.

இது நெப்ராஸ்காவின் தனி நோயும் இல்லை. 2007-இல் நிக் சேபன் வந்தபோது அலபாமாவின் வசந்த ஆட்டத்துக்கு 92,138 பேர் திரண்டார்கள். அந்தப் பருவத்தில் களத்தில் கிடைத்தது 7 வெற்றி, 6 தோல்வி. ஆனால் 2009-இல் அவர்கள் தேசியப் பட்டம் வென்றார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் பல ஆண்டுகள் இந்த உதாரணத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கினார்கள்.

2019-இல் பத்திரிகைக்காரர்களும் எங்களோடு சேர்ந்து ஏமாந்தார்கள். பருவத்துக்கு முந்தைய தரவரிசையில் எங்களுக்கு 24-ஆம் இடம். பெரியவர் 9 எழுதினார், கிடைத்தது 5. 2020-இல் பெருந்தொற்றால் வசந்த ஆட்டம் இல்லை, அட்டையிலும் எண் இல்லை. 2021-இல் அவர் எழுதியது 7, கிடைத்தது 3. அந்த ஆண்டின் கணக்கு எந்தக் கணக்கரையும் திகைக்க வைக்கும். தோற்ற 9 ஆட்டங்களும் 9 புள்ளி அல்லது அதற்கும் குறைந்த வித்தியாசத்தில் போனவை. ஆண்டு முழுவதையும் கூட்டினால், எதிரணிகள் எடுத்ததைவிட நாங்கள் எடுத்த புள்ளிகள்தான் அதிகம். ஏட்டில் லாபம், பெட்டியில் காசில்லை!

2022 செப்டம்பர் 11 அன்று ஃப்ராஸ்டை நீக்கினார்கள். ஒப்பந்தப்படி அவருக்குச் சேரவேண்டிய தொகை சுமார் ஒன்றரைக் கோடி டாலர். அக்டோபர் 1 வரை பொறுத்திருந்தால் அது பாதியாகக் குறைந்திருக்கும். அந்த மூன்று வாரம் காத்திருக்கவும் மனம் வரவில்லை. நம்பிக்கை முறிந்தால் மனிதர்கள் வட்டி கணக்குப் பார்ப்பதில்லை என்பதை அன்று கண்டேன்.

அப்படியானால் வசந்த ஆட்டம் வெறும் ஏட்டுச் சுரைக்காய்தானா? அப்படி எழுதி முடித்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் 2013 ஏப்ரல் 6 நினைவுக்கு வருகிறது. பருவ ஆட்டத்துக்கு டிக்கெட் கிடைப்பது எங்களைப் போன்றவர்களுக்கு அரிது. கிடைத்தாலும் குடும்பத்தோடு போவது பணத்துக்குக் கேடு. வசந்த ஆட்டம்தான் எங்களுக்குத் திறந்த கதவு. அன்று பத்து வயது மகளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். மூளைப் புற்றுநோயோடு போராடிக்கொண்டிருந்த 7 வயதுச் சிறுவன் ஒருவனை அணிச் சட்டையோடு களத்தில் இறக்கினார்கள். பந்தை வாங்கிக்கொண்டு 69 கெஜம் ஓடி டச்டவுன் போட்டான். இரு பக்கத்து ஆட்டக்காரர்களும் அவனைத் தோளில் தூக்கினார்கள். வரவும் பற்றும் ஒரே பக்கத்தில் நின்றதை அன்றுதான் பார்த்தேன். அந்தப் பிள்ளை 2025 ஜனவரியில், 19 வயதில் காலமானான். செய்தி வந்த அன்று, வேறு ஊரில் வேலை பார்க்கும் என் மகள் தொலைபேசியில் அழைத்து வெகு நேரம் பேசாமல் இருந்தாள்.

அடுத்த மாதமே இன்னொரு செய்தி வந்தது. வழக்கமான வசந்த ஆட்டம் இந்த ஆண்டு இல்லை என்று பயிற்சியாளர் மேட் ரூல் அறிவித்தார். 2018-இல் மாணவர்கள் கல்லூரி மாறுவதை எளிதாக்கும் பதிவு முறை வந்தது. 2021 ஜூலை முதல் அவர்கள் தங்கள் பெயரை வைத்துப் பணம் சம்பாதிக்கலாம் என்றானது. முந்தைய ஆண்டு வசந்த ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் காட்டிய பிறகு, தன் ஆட்டக்காரர்களைப் பணம் காட்டி இழுக்கப் பலர் முயன்றார்கள் என்பது அவருடைய குறை. அதே ஆண்டு டெக்சாஸும் யு.எஸ்.சி.யும் தங்கள் ஆட்டத்தைக் கைவிட்டன. லிங்கனில் அதற்குப் பதிலாக, ஏப்ரல் 26 அன்று திறன் போட்டிகளும் சிறு ஆட்டங்களும் வைத்தார்கள். பையன்களுக்கு நியாயமான கூலி கிடைப்பதில் எனக்கு மகிழ்ச்சிதான். பல ஆண்டுகள் அவர்கள் உழைப்பை வரவில் எழுதாமல் மறைத்தார்கள். பயிற்சியாளரின் பயத்திலும் நியாயம் உண்டு. 2025 இலையுதிர் காலத்தில் வசந்தகால மாற்றத்தை ஒழித்து, கல்லூரி மாறுவதை ஜனவரியோடு நிறுத்திவிட்டார்கள். அந்த பயம் இனிக் குறையலாம்.

அந்த ஏப்ரலில் பெரியவர் வழக்கம்போல் வந்தார். பென்சிலை எடுத்தார், எழுதவில்லை. "எதைப் பார்த்து எழுதுவது?" என்றார்.

நான் அட்டையைத் திருப்பி அவரிடம் காட்டினேன். 8-க்கு 4. 9-க்கு 5. 7-க்கு 3. 2022-இல் 6-க்கு 4. 2023-இல் 6-க்கு 5. 2024-இல்தான் 6 எழுதி 7 கிடைத்தது. "பார்த்து எழுதியபோது மட்டும் என்ன வாழ்ந்தது, ஐயா?" என்றேன். சிரித்துவிட்டார். உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது என்ற நம் பழமொழியை அவருக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் தலையாட்டினார். மறுவாரம் விதைப்பு, மழையை யார் பார்த்து வைத்திருக்கிறார்கள்?

"சரி, இந்த வருஷம் நீங்கள் எழுதுங்கள்" என்று பென்சிலை என்னிடம் நீட்டினார். 27 ஆண்டுகளாக மற்றவர்கள் மதிப்பீட்டைச் சரிபார்த்தவன், அன்று முதல் முறையாக நானே 8 என்று எழுதினேன். பருவம் முடிந்ததும் அதன் கீழே 7 என்று பேனாவால் எழுதியதும் நானேதான்.

பென்சிலை அவர் இன்னும் திருப்பிக் கேட்கவில்லை.