ஏறவிடாத ஏணி

2019 மார்ச் 9. கோவை நேரு விளையாட்டரங்கில் மினர்வா பஞ்சாபை 3-1 என வென்று, ஈஸ்ட் பெங்காலை ஒரே புள்ளியில் (43-42) முந்தி, ஐ-லீக் கோப்பையைக் கைப்பற்றியது சென்னை சிட்டி. பெயரில்தான் சென்னை, ஆடுகளம் நம்முடையது. போத்தனூரிலிருந்து நகரப் பேருந்தேறிப் போய் ஓர் இந்தியச் சாம்பியனைப் பார்த்துவர முடிந்தது கொங்கு நாட்டுக்குச் சிறிய செய்தியன்று.

ஆயினும் அவ்வணி மேலே ஏறவில்லை. வென்றவர் ஏறவும் கடைசியில் நின்றவர் இறங்கவும் இங்கிலாந்தில் 1898-99 முதல் நேரடி விதி உண்டு. 2014இல் தொடங்கிய ஐ.எஸ்.எல்.லோ உரிமைத்தொகை கட்டியவர்களின் களம்.

விதி இருந்திருந்தால்? அந்தப் பருவத்தில் ஐ.எஸ்.எல்.லின் பத்து அணிகளில் கடைசியாக நின்றது, 9 புள்ளிகளோடு, முந்தைய ஆண்டின் சாம்பியனான சென்னையின்! மெரினா அணி இறங்க, நொய்யற்கரை அணி ஏறியிருக்கும். (சென்னை சிட்டியும் 2016-17இல் இரண்டாம் பிரிவை வென்று வந்ததன்று, நேரடி நுழைவுதான் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்.)

2019 அக்டோபரில் வகுத்த திட்டப்படி, ஐ-லீகை வென்று முதன்முதலாக மேலேறிய அணி, 2023இல், பஞ்சாப் எஃப்.சி. அன்று கோவையில் தோற்ற அதே மினர்வாதான், பெயரும் உரிமையாளரும் மாறி. அதற்குள் ஐ-லீகிலேயே சென்னை சிட்டி இல்லை. அது கடைசியாக ஆடியது 2020-21இல்.