ஆடரங்கின் பெயரிலா ஆசிரியர்கள்

கிள்ளான் ஆற்று முகத்தில் 1901-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் ஒரு புதிய துறைமுகம் திறக்கப்பட்டது. ஆற்றின் உள்ளே அமைந்திருந்த பழைய துறைக்குப் பெருங்கப்பல்கள் வர இயலாமையே அதற்குக் காரணம். சுவெட்டன்ஹாம் என்னும் ஆங்கில அதிகாரியின் பெயரைச் சுமந்திருந்த அத்துறை, 1972-இல் போர்ட் கிள்ளான் எனப் பெயர் மாறிற்று. தமிழர்க்கு இத்துறையைச் சொன்னவுடன் நினைவுக்கு வருவது 'ரஜூலா' கப்பல். 1926-இல் கட்டப்பெற்று 1973 வரை கடலில் உழைத்த அக்கப்பல் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஏற்றிவந்த மக்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் கிள்ளான் பள்ளத்தாக்கெங்கும் வாழ்கின்றனர். ஆயினும் துறைமுகம் ஆட்களை மட்டும் இறக்கும் இடம் அன்று. பாட்டும் கூத்தும் உடையும் பழக்கமும் கடல்வழியே வந்து சேர்ந்தன. ஆணும் பெண்ணும் இணைந்து ஆடும் மேனாட்டுப் பால்ரூம் நடனமும் அவ்வாறு வந்ததே.

இந்நடனத்தைப் பற்றித் தமிழாசிரியர் ஏடுகளில் எழுதுவதா என்று சிலர் முகஞ்சுளிக்கலாம். ஆடவரும் மகளிரும் கைகோத்து ஆடுதல் தமிழ் மரபுக்கு முற்றும் புறம்பானது என்பது அவர்தம் எண்ணம். பதிற்றுப்பத்தின் ஆறாம் பத்தைப் பயின்றோர் அவ்வாறு சொல்லத் துணியார். ஆடுகோட்பாட்டுச் சேரலாதன் துணங்கைக் கூத்தில் மகளிர்க்குக் கைகொடுத்து ஆடினான். அதுகண்டு சினந்த அரசி, அவன்மேல் எறியச் செங்குவளைப் பூவை ஓங்கினாள். அப்பூவைத் தனக்கு ஈயுமாறு அவன் இரந்தும் அவள் இசைந்திலள். காக்கைபாடினியார் நச்செள்ளையார் காட்டும் இக்காட்சியில் ஊடல் உண்டு. ஆட்டத்தின்மேல் இழிவு கற்பிக்கும் சொல் ஒன்றேனும் இல்லை. ஆதலின் அந்தக் கேள்வியை இவ்வளவில் விட்டு, இந்நடனம் எவ்வாறு கற்பிக்கப்பட்டது, இந்நாட்டில் அதைக் கற்பித்தவர் யாவர் என்பதை ஆராய்வோம்.

முதல் உலகப் போருக்குப் பின் ஐரோப்பிய நடன அரங்குகள் குழப்பத்தில் கிடந்தன. 1914-ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் தோன்றிய ஃபாக்ஸ்டிராட் எங்கும் பரவிவிட்டது. ஆனால் ஒருவர் ஆடியவாறு மற்றவர் ஆடவில்லை. 'டான்சிங் டைம்ஸ்' என்னும் இதழின் ஆசிரியர் பிலிப் ரிச்சர்ட்சன் 1920-இல் லண்டனில் நடன ஆசிரியர்களைக் கூட்டிப் பேசினார். 1924-இல் நடன ஆசிரியர்களின் பேரவையொன்று பால்ரூம் நடனத்திற்கெனத் தனிக்கிளை அமைத்தது. ஜோசஃபின் பிராட்லி, விக்டர் சில்வெஸ்டர் முதலியோர் அதில் இருந்து இலக்கணம் வகுத்தனர். வழக்கில் உள்ளதைக் கண்டு, சிறந்ததைத் தேர்ந்து, பெயரிட்டு, நிரல்படுத்தினர். நூற்பா செய்வோர் கையாளும் முறையும் இதுவேயன்றோ?

அவர்கள் செய்த பெரிய மாற்றம் பாதத்தைப் பற்றியது. அதற்குமுன் அரங்க நடனத்தில் பாலே முறைப்படி பாதங்கள் வெளிநோக்கித் திரும்பியிருக்க வேண்டும். புதிய இலக்கணம், மனிதன் தெருவில் நடக்கும்போது பாதம் எவ்வாறு நேராக நிற்குமோ அவ்வாறே ஆடரங்கிலும் நிற்கட்டும் என்றது. முன்னோக்கிச் செல்கையில் குதிகால் முதலில் தரையைத் தொடும். உடல் எழுந்து தாழும் இடம் வரையறுக்கப்பட்டது. திரும்பும்போது ஒரு கால் முன்செல்ல, எதிர்ப்பக்கத்துத் தோள் அதனோடு முன்வரும். இதனை முரணுடல் அசைவு எனலாம். அரங்கில் எல்லா இணைகளும் இடஞ்சுழியாகவே சுற்றிவர வேண்டும் என்னும் விதி, மோதல் இல்லாமல் நூறு பேர் ஆடத் துணைசெய்தது.

நம் நாட்டியத்தோடு இதை ஒப்பிட்டால் ஓர் இன்பம் உண்டு. பரதத்தில் அரைமண்டியில் அமர்ந்து பாதங்களை விரிக்க வேண்டும். பால்ரூமில் முழங்காலைத் தளர்த்திப் பாதங்களை ஒன்றுக்கொன்று இணையாக வைக்க வேண்டும். உறுப்பமைதி வேறு. பயிற்றும் நெறி ஒன்றே. 'தையா தை' என்னும் சொற்கட்டு நமக்கு எப்படியோ, அப்படியே 'ஸ்லோ, குயிக், குயிக்' என்பது அவர்க்கு. அடவை முதற்காலத்தில் ஆடிப் பழகிய பின்னரே இரண்டாங்காலத்திற்கும் மூன்றாங்காலத்திற்கும் செல்வது நம் வழக்கம். அங்கும் இணை இல்லாமல், இசை இல்லாமல், தனியே நடந்து பழகுவதே முதற்பாடம். வால்ட்ஸ் என்னும் மும்மைத் தாள நடனத்தில் ஒரு நிமிடத்திற்கு ஏறக்குறைய 30 தாளவட்டம் வரும். குவிக்ஸ்டெப்பில் 50 வரும். முதலதில் தடுமாறுகிறவனை இரண்டாவதற்கு விடுவது, எழுத்தறியாதவனிடம் செய்யுளைக் கொடுப்பது போலாம்.

கற்பவர் பெரிதும் இடறும் இடம் ஒன்று உண்டு. உடலின் எடை எந்தக் காலில் நிற்கிறதோ அந்தக் கால் நகர முடியாது. வெளிப்படையான இவ்வுண்மையை மறந்து, புதிதாகக் கற்பவன் இரு கால்களிலும் பாதிப் பாதியாக எடையை வைத்து நிற்பான். அடுத்து எந்தக் கால் என்பது அவனுக்கே தெரியாது. இணையாக நிற்பவளுக்கு எவ்வாறு தெரியும்? எடையை முழுவதும் ஒரு காலுக்கு மாற்றி, மற்றக் காலை விடுவித்து, நிற்கும் காலால் தரையை உந்திச் செல்லக் கற்றவனே நடனம் கற்றவன். நூலில் பாதச்சுவடுகளை எத்தனை படங்கள் வரைந்து காட்டினாலும் இஃது ஏட்டில் வாராது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்குதவாது என்னும் பழமொழி இங்கே நூற்றுக்கு நூறு பொருந்தும்.

நூல்களுக்கும் குறைவில்லை. 1922-இல் உலகப் போட்டியில் வென்ற சில்வெஸ்டர் 1927-இல் ஒரு நூல் வெளியிட்டார். அலெக்ஸ் மூர் 1936-இல் வெளியிட்டார். சில்வெஸ்டர் நூலோடு நில்லாமல் 1935-இல் தாமே இசைக்குழு அமைத்து, தாளம் இம்மியும் பிசகாத இசைத்தட்டுகளை வெளியிட்டது அரிய செயல். பாடகனின் விருப்பப்படி நீளும் பாட்டை வைத்துக்கொண்டு வீட்டில் பயிற்சி செய்ய இயலாது. இத்தட்டுகளை வைத்துச் செய்யலாம். 1941 முதல் பி.பி.சி. வானொலியில் அடிகளைச் சொல்லச் சொல்ல நேயர்கள் எழுதிக்கொண்டனர். வானொலி வகுப்பறையாக மாறியதற்கு இஃதொரு நல்ல சான்று.

இனி இந்நாட்டிற்கு வருவோம். கோலாலம்பூரில் சிலாங்கூர்க் கிளப் 1884-இலும், லேக் கிளப் 1890-இலும் தோன்றின. வெள்ளையர் அங்கே ஆடினர். லேக் கிளப்பின் கதவு ஆசியருக்கு நெடுங்காலம் அடைபட்டே இருந்தது. எழுத்தர், கடைச் சிப்பந்தி, துறைமுகத் தொழிலாளி போன்றோருக்கு ஆடரங்கைத் திறந்துவிட்டவை பொழுதுபோக்குப் பூங்காக்களே. சிங்கப்பூரில் 'நியூ வோர்ல்டு' 1923-இல் திறக்கப்பட்டது. கோலாலம்பூரில் புக்கிட் பிந்தாங் பூங்கா இருந்தது. 1977-இல் திறக்கப்பட்ட சுங்கை வாங் வணிக வளாகம் அது இருந்த இடத்தில்தான் எழுந்தது. சிறு நுழைவுக் கட்டணம் கொடுத்தால் எவ்வினத்தாரும் உள்ளே செல்லலாம். சீனக் கூத்து, பங்சாவான் நாடகம், குத்துச்சண்டை, திரைப்படம், ரோங்கெங் மேடை, கேபரே எனப்படும் நடனக்கூடம் ஆகிய யாவும் ஒரே மதிலுக்குள் இருந்தன. கூடத்தில் வாசித்தவருள் பிலிப்பினோக்கள் மிகுதி. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே சிலாங்கூர் அரசின் வாத்தியக் குழுவிற்கென மணிலாவிலிருந்து வந்த மரபினர் அவர்கள்.

அக்கூடத்தில் ஆட விரும்புவோன் சீட்டு வாங்கிக்கொள்வான். ஓர் ஆட்டத்திற்கு ஒரு சீட்டு. சீட்டைப் பெற்றுக்கொண்டு இணையாக ஆடும் பெண்கள் சுவர் ஓரம் அமர்ந்திருப்பர். வாடகைக் கார் போல ஆட்டத்திற்கு ஆட்டம் அமர்த்தப்படுவதால் அவர்களை 'டாக்சி கேர்ல்' என்றனர். சீட்டின் பணம் முழுவதும் அவர்களைச் சேராது. முதலாளிக்கும் பங்கு உண்டு.

ஆடவன் நடத்துபவன், பெண் தொடர்பவள் என்பது நூலின் விதி. இக்கூடங்களில் நிகழ்ந்ததோ நேர்மாறு. அலுவலகம் முடிந்து வந்த இளைஞனுக்கு ஓரடியும் தெரியாது. அவளோ ஓரிரவில் பலரோடு ஆடுபவள். அவன் எடை எந்தக் காலில் நிற்கிறது என்பதைத் தன் உள்ளங்கையாலேயே அறிந்து, தான் பின்வாங்கி அவனை முன்வரச் செய்து, அவனே நடத்துவதாக அவன் நம்பும்படி ஆட்டுவித்தவள் அவளே. மாணவன் மனம் சிறுக்காமல் பிழை திருத்துவது பயிற்சிக் கல்லூரிகளில் நெடுநாள் பேசப்படும் கலை. எந்தச் சான்றிதழும் இல்லாமல் அவர்கள் அதைச் செய்தனர்.

அப்பூங்காக்களில் பக்கத்திலேயே நடந்த ரோங்கெங்கும் அத்தகையதே. வயலின், ரெபானா, கோங் முழங்க, சீட்டு வாங்கிய ஆடவன் மேடையேறுவான். பெண் பந்துன் பாடி ஆடுவாள். ஒருவரை ஒருவர் தொடலாகாது. இணைக்கும் கயிறு கண்ணும் காலும் மட்டுமே. ஜோகெட் தாளத்தில் இரண்டும் மூன்றுமாக அடிகள் பின்னிவரும் இடத்தில் காலைத் தவறவிடாமல் வைப்பது எளிதன்று. மலாக்காவில் 1511-இல் காலூன்றிய போர்த்துக்கீசரின் சாயல் இதில் உண்டு என்பர் இசையறிஞர். பின்னர் ஜோகெட் இசைக்குழுவினர் ரும்பாவையும் ஃபாக்ஸ்டிராட்டையும் சேர்த்து வாசிக்கலாயினர். கேபரேயில் கற்ற கால் ஜோகெட்டிலும், ஜோகெட்டில் கற்ற கால் கேபரேயிலும் நடைபோட்டது.

ஆனால் வரலாற்று நூல்களில் கற்பித்தவராகப் பெயர் பெற்றவர் லண்டன் ஆசிரியர்களே. இப்பெண்கள் ஒழுக்கக் கேட்டிற்கு எடுத்துக்காட்டாக மட்டுமே பேசப்பட்டனர். தமிழகத்தில் நடந்ததை எண்ணிப் பார்த்தால் இது வியப்பாகாது. கோயில்களில் சதிராட்டத்தைத் தலைமுறை தலைமுறையாகக் காத்த மகளிரை இகழ்ந்துகொண்டே, அவர்தம் கலையைப் புதுப்பெயரிட்டு மேடையேற்றினர். 1931-இல் சென்னை மியூசிக் அகாடமியில் கல்யாணியின் புதல்வியர் ஆடினர். 1935-இல் ருக்மிணி தேவி அரங்கேறினார். 1947-இல் பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடுக்கும் சட்டம் வந்தது. சட்டம் வேண்டியதே, ஐயமில்லை. ஆனால் வழக்கத்தை ஒழித்த வேகத்தில், அவ்வழக்கத்துள் அகப்பட்டிருந்த பெண்களின் புலமையும் மதிப்பிழந்தது. பிரிக்பீல்ட்ஸில் இன்று டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் வகுப்புகளில் நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் அரைமண்டி பயில்கின்றனர். அந்த அரைமண்டியைக் காத்துத் தந்தவர் யாவர் என்று எத்தனை பெற்றோர் வினவுகின்றனர்?

நடனக்கூடப் பெண்களைப் பற்றிய ஒரு செய்தி மட்டும் சிங்கப்பூர்க் கல்வி வரலாற்றில் அழியாது நிற்கிறது. 'ஹேப்பி வோர்ல்டு' என்னும் பூங்கா 1936-இல் தோன்றியது. அதன் நடனப் பெண்கள், போர் முடிந்த மறு ஆண்டாகிய 1946-இல், ஹோ யென் நா என்னும் மாதின் தலைமையில் கேலாங்கில் ஏழைப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி நிறுவினர். மலாயாவில் தோட்டப் பள்ளிகளை எழுப்ப 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் வேண்டியிருந்தது. பத்துப் பிள்ளைகள் இருந்தால் பள்ளி வைக்க வேண்டும் என்று அரசு ஆணையிட்ட பின்பும் பல துரைமார்கள் ஏனோதானோ என்றே ஒரு கொட்டகையைக் காட்டினர். ஹேப்பி பள்ளிக்கு எந்த ஆணையும் இல்லை. தாம் கல்லாத பெண்கள், ஆட்டச் சீட்டில் வந்த வருவாயிலிருந்து ஈந்து அதை நடத்தினர். தொடக்கத்தில் பிள்ளைகளிடம் கட்டணம் வாங்கவில்லை. அப்பள்ளி 1979 வரை நடந்தது.