பழைய செயலியும் பயாஸ் புதுப்பிப்பும்

பயாஸ் என்பது கணினியின் மதர்போர்டில் உள்ள சிப்பில் பதிந்திருக்கும் தொடக்க மென்பொருள். கணினிக்கு மின்சாரம் கிடைத்ததும் முதலில் இயங்குவது இதுவே. செயலியையும் நினைவகத்தையும் தயார்செய்து, பின்னர் விண்டோஸ் அல்லது லினக்ஸிடம் கணினியை ஒப்படைக்கிறது. இன்றைய மதர்போர்டுகளில் அதன் இடத்தில் யுஇஎஃப்ஐ இருந்தாலும் வழக்கில் பயாஸ் என்றே அழைக்கப்படுகிறது. பழைய செயலி சரியாக இயங்கும்போது பயாஸைப் புதுப்பிக்கலாமா என்ற கேள்விக்கு, கணினி வரலாற்றில் இருவகை விடைகளும் உள்ளன.

தொடக்கம்

1981-ல் வெளிவந்த ஐபிஎம் பிசியில் பயாஸ் மாற்றி எழுத முடியாத ராம் அல்லாத ரோம் சிப்பில் இருந்தது. அதை மாற்ற சிப்பையே மாற்றவேண்டும். தொஷிபா நிறுவனத்தின் ஃபுஜியோ மசுவோகா 1980-களில் உருவாக்கிய ஃப்ளாஷ் நினைவகம், 1990-களில் மதர்போர்டுகளுக்கு வந்தது. அதன்பின் பயனரே பயாஸை மாற்றி எழுத முடிந்தது.

1994-ல் இன்டெல் பென்டியம் செயலியின் வகுத்தல் கணக்கில் பிழை கண்டறியப்பட்டது. விற்ற செயலிகளை மாற்றித் தருவதாக இன்டெல் அறிவிக்க நேர்ந்தது. 1995-ல் வந்த பென்டியம் ப்ரோ முதல், செயலியின் உள்கட்டளைகளான மைக்ரோகோடைத் திருத்தும் வசதி அமைந்தது. ஒவ்வொரு முறை கணினி தொடங்கும்போதும் பயாஸ் இத்திருத்தத்தைச் செயலியில் ஏற்றும். இவ்வாறு பயாஸ் புதுப்பிப்பு பழைய செயலியின் பிழைகளுக்கும் மருந்தானது.

எளிதில் எழுத முடிவது ஆபத்தாகவும் ஆனது. தைவானைச் சேர்ந்த சென் இங்-ஹாவ் எழுதிய சிஐஎச் வைரஸ், 1999 ஏப்ரல் 26 அன்று பல நாடுகளில் வட்டுகளையும் பயாஸ் சிப்புகளையும் அழித்தது. பயாஸ் அழிந்த கணினிகள் தொடங்கவே இல்லை.

மின்தடை

பயாஸ் எழுதப்படும்போது மின்சாரம் நின்றால் மதர்போர்டு செயலிழக்கக்கூடும். தமிழகத்தில் 2012-ல் சென்னைக்கு வெளியே நாள்தோறும் பல மணிநேர மின்வெட்டு இருந்தது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் கன்னியாகுமரி மாவட்டத்தைத் தாக்கியபோது மின்கம்பங்கள் பெருமளவில் சாய்ந்தன. நாகர்கோவில் உட்பட மாவட்டத்தின் பல பகுதிகள் மின்சாரமின்றித் தவித்தன. இத்தகைய சூழலில் யுபிஎஸ் இல்லாமல் பயாஸை மாற்றுவது, மதர்போர்டையே பணயம் வைப்பதாகும். இரண்டு பயாஸ் சிப்புகள் கொண்ட மதர்போர்டுகளும், பென் டிரைவிலிருந்து மீட்கும் வசதியும் பின்னாளில் இந்த ஆபத்தைக் குறைத்தன.

2018: இரு விடைகள்

புயல் அடித்த ஐந்து வாரங்களில், 2018 ஜனவரி 3 அன்று, மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்னும் பாதுகாப்புக் குறைகள் வெளியாயின. பல ஆண்டுகளுக்கு முந்தைய செயலிகளும் இவற்றில் அடங்கின. இன்டெல் திருத்தங்களை வெளியிட்டது. அவற்றை ஏற்றிய ஹாஸ்வெல், பிராட்வெல் செயலிகள் கொண்ட கணினிகள் தாமாகவே மறுதொடக்கம் ஆயின. ஜனவரி 22 அன்று அத்திருத்தத்தை நிறுத்திவைக்கும்படி இன்டெல்லே கேட்டுக்கொண்டது. சரிசெய்த பதிப்புகள் பின்னர் வந்தன. மேலும் பழைய யார்க்ஃபீல்டு, பென்ரின் போன்ற செயலிகளுக்குத் திருத்தம் வராது என ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது. விண்டோஸும் லினக்ஸும் மைக்ரோகோடைத் தாமே ஏற்றக்கூடியவை என்பதால், சில கணினிகளுக்கு பயாஸைத் தொடாமலேயே பாதுகாப்பு கிடைத்தது.

ஏஎம்4: இடப்பற்றாக்குறை

ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் செயலிகள் 2017 மார்ச்சில் ஏஎம்4 சாக்கெட்டில் வந்தன. அதே சாக்கெட்டில் அடுத்தடுத்த தலைமுறைகள் பொருந்தின. பல மதர்போர்டுகளின் பயாஸ் சிப் 16 எம்பி அளவே கொண்டது. எல்லாச் செயலிகளுக்கும் தேவையான நிரல் அதில் அடங்கவில்லை. 2019-ல் மூன்றாம் தலைமுறை ரைசனுக்கு இடமளிக்க, எம்எஸ்ஐ நிறுவனம் சில மதர்போர்டுகளில் பயாஸின் வசதிகளைக் குறைத்தது. பழைய பிரிஸ்டல் ரிட்ஜ் செயலிகளுக்கான ஆதரவையும் நீக்கியது. 2020 மே மாதம், பி450, எக்ஸ்470 மதர்போர்டுகளுக்குப் புதிய செயலி ஆதரவு தர இசைந்தபோது, பல பழைய செயலிகளின் ஆதரவு அதில் நீங்கும் என்று ஏஎம்டியே எச்சரித்தது. பழைய செயலி வைத்திருப்பவர் புதிய பயாஸை ஏற்றினால், கணினி தொடங்காமல் போகும் நிலை இவ்வாறு உருவானது.

மதிப்பீடு

2024-ல் இன்டெல்லின் 13, 14-ம் தலைமுறை செயலிகள் சில, மிகை மின்னழுத்தத்தால் பழுதாயின. ஆகஸ்டில் வந்த மைக்ரோகோடு பழுது வராமல் தடுக்க உதவியது. ஏற்கெனவே பழுதானவற்றை மீட்கவில்லை. அங்கே தாமதமே இழப்பு. ஏஎம்4-ல் அவசரமே இழப்பாக முடியக்கூடும்.

புதிய பதிப்பு என்பது மட்டும் புதுப்பிக்கப் போதிய காரணம் ஆகாது என்பதை இந்நிகழ்வுகள் காட்டுகின்றன. தயாரிப்பாளர் ஒவ்வொரு பதிப்புடனும் தரும் குறிப்பிலும், அம்மதர்போர்டுக்கான செயலிப் பட்டியலிலும் விடை உள்ளது. பாதுகாப்புத் திருத்தமோ, தன் கணினியில் உள்ள பழுதுக்குத் தீர்வோ அதில் இருந்து, தன் செயலியின் பெயரும் பட்டியலில் நீடித்தால் புதுப்பிப்பது பயனுள்ளது. புதிய செயலிக்கான ஆதரவு மட்டுமே இருந்தால், பழைய செயலி வைத்திருப்பவருக்கு அதனால் பயனில்லை.