பஸ் 'ரஷ்'ஷா இருக்குன்னா வேகமா போகுதுன்னு அர்த்தமா?

ஆடிப்பெருக்கு லீவு. கொல்லிமலை போக சேந்தமங்கலத்துல நிக்கிறோம். வல்வில் ஓரி விழா சமயம், கேட்கவா வேணும்? வந்த பஸ்ல படிக்கட்டு வரைக்கும் ஆள். கூட வந்த தோழி, லண்டனில் இருக்கும் தன் மேனேஜருக்கு 'பஸ் இஸ் வெரி ரஷ், வில் பி லேட் ஃபார் த கால்' என்று மெசேஜ் தட்டினாள். 'பஸ் அவ்ளோ வேகமா போனா, ஏன் லேட் ஆகும்?' என்று பதில் வந்தது.

பாவம், அவர் மேல தப்பில்லை. 'ரஷ்' என்றால் ஆங்கிலத்தில் விரைந்து ஓடுவது. நமக்கோ அது நகரவே முடியாத கூட்டம்! தமிழ்நாடு மட்டுமில்ல, இந்திக்காரர்களும் கூட்டத்தை 'ரஷ்' என்றுதான் சொல்கிறார்கள். ஆபீஸ் விடும் நேரத்து 'ரஷ் ஹவர்'தான் நம்மைக் குழப்பியிருக்கணும். எல்லாரும் ஒரே நேரத்தில் அவசரமாகக் கிளம்பினால் கூட்டம் சேரத்தானே செய்யும்? இன்னொரு சுவாரஸ்யம், இந்தச் சொல்லின் வேர் பழைய பிரெஞ்சு மொழியில் இருக்கிறது. அங்கே அதன் பொருள் 'பின்னுக்குத் தள்ளு'. நம்ம டவுன் பஸ்ஸுக்கு இது ரொம்பவே பொருத்தம்.

மெயிலிலும் இன்டர்வியூவிலும் 'த பஸ் வாஸ் ரஷ்' வேண்டாம். 'க்ரவுடட்' அல்லது 'பேக்டு' போடுங்க. அவசரத்தில் இருக்கீங்களா? 'ஐயம் இன் எ ரஷ்'. அவசரப்படுத்தாதே என்பதற்கு 'டோன்ட் ரஷ் மீ'. யோசிக்காமல் ஒரு விஷயத்தில் குதிப்பது 'ரஷ் இன்டு'. கல்யாணம், இ.எம்.ஐ. இரண்டுக்கும் செல்லும்! 'ரஷ்டு டு ஹாஸ்பிட்டல்' என்றால் அவசரமாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். 1848-ல் கலிபோர்னியாவில் தங்கம் கிடைத்ததும் ஜனங்கள் அங்கே ஓடியதுதான் 'கோல்டு ரஷ்'. கோடம்பாக்கத்தில் 'ரஷ் பார்த்தேன்' என்றால் எடிட் பண்ணாத காட்சிகளைப் பார்த்ததாக அர்த்தம். ஃபிலிம் காலத்தில் அன்றைக்கு எடுத்ததை அவசரமாக பிரின்ட் போட்டுப் பார்ப்பார்கள், அதில் வந்த பெயர்.

முக்கியமா ஒண்ணு, 'ரஷ் டிரைவிங்' என்று எழுதாதீங்க. அது 'ரேஷ் டிரைவிங்', அதாவது கண்மூடித்தனமா ஓட்டுவது. எழுத்தில் 'யு'வுக்குப் பதில் 'ஏ', அவ்வளவுதான். ஆனா இது பாரதிய நியாய சன்ஹிதா 281-வது பிரிவில் வரும் குற்றம். காரவள்ளி தாண்டினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். பைக்கில் மலையேறும் தம்பிகள் இந்த வார்த்தையை நல்லாவே தெரிஞ்சு வச்சுக்கணும். குறுகலான மலைப் பாதையில் ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டிதான் வழிவிடணும், அதுவும் விதிதான்.

தோழி ஒருவழியா 'த பஸ் இஸ் பேக்டு' என்று திருத்தி டைப் பண்ணினாள். அனுப்புறதுக்குள்ள டவர் போயிடுச்சு.